போட்டோவில் நீலம், நேரில் கத்திரிப்பூ

8, சனி
காலையிலிருந்து தூறல். விற்கப் பின்னிய புது ஸ்வெட்டர் இரண்டையும் போட்டோ எடுக்கவில்லை. மேகம் மூடினால் எல்லா உல்லன் நூலும் நீலம் பூசிக்கொள்ளும்.

தாம்பரம் கஸ்டமர் அம்மா குழந்தை ஸ்வெட்டரைத் திருப்பி அனுப்புகிறாராம். போனில் பார்த்தபோது நீலம், பார்சலைப் பிரித்தால் கத்திரிப்பூ கலர், ஏமாற்று வேலை என்று மெசேஜ். ஆதாரத்துக்கு அவரே ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். அதிலும் நீலமாகத்தான் இருக்கிறது! கத்திரிப்பூ நூல் எந்தப் போனுக்கும் அடங்காது. "நேரில் நிறம் சற்று மாறும்" என்று கீழே எழுதித்தான் போடுகிறேன். யார் படிக்கிறார்கள்.

உத்திரமேரூர் பஜாரில் வாங்க: வெள்ளை உல்லன், சின்ன பட்டன், அண்ணிக்குத் தலைவலி மாத்திரை.

10, திங்கள்
வெயில், ஒருவழியாக. வாசல் நிழலில் வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்து எடுத்தேன். பச்சை சரியாக வந்தது. சிவப்பு வழக்கம்போல எரிகிறது. நாலு தடவை எடுத்து, நூலையும் போனையும் ஒட்டிவைத்துப் பார்த்த பிறகுதான் விற்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

அதே நிழலில் அண்ணி என்னையும் எடுத்தாள். திருமுக்கூடல் வரனுக்கு அனுப்ப. நன்றாகவே வந்தது, என் நிறத்திலேயே. பையன் போட்டோவும் வந்தது. சிரித்த கண். எனக்குப் பிடித்திருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

11, செவ்வாய்
சீ. அண்ணி ஃபில்டர் போட்டு அனுப்பியிருக்கிறாள். இன்றைக்குத்தான் பார்த்தேன். மூக்குத்திகூடத் தெரியவில்லை, அவ்வளவு வெளுப்பு. சுண்ணாம்பு அடித்த சுவர். வேறு அனுப்பச் சொன்னேன்.

"எல்லாரும்தான் பண்றாங்க. அப்படியே அனுப்புனா யாரு வருவாங்க?"

பெற்ற அப்பா, நைனாவும் சிரித்துக்கொண்டே போனார். நூலுக்குக்கூட நான் இப்படிப் பண்ணியதில்லை.

16, ஞாயிறு
மழை விட்டுப் பிசுபிசுப்பு. பெண் பார்க்க வந்தார்கள், வேன் நிறைய. கேசரி, பஜ்ஜி. வாசலெல்லாம் சேறு.

காபி கொடுத்துவிட்டு நிமிர்கிறேன். பையனின் அத்தை போனை எடுத்து என் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தாள், புடவைக்கு ரவிக்கைத் துணி எடுப்பதுபோல.

"இன்னாமா இது, போட்டோல வேற கலரா கீது?"

டியூப் லைட் சரியில்லை, அலைச்சலில் கறுத்துவிட்டாள் என்று அண்ணி ஏதேதோ உளறினாள். பையன் எட்டிப் பார்த்தான். என்னை இல்லை, போனை. அப்புறம் என்னை. மறுபடி போனை. கேசரியை மட்டும் வழித்துத் தின்றுவிட்டுப் போனார்கள்.

அந்த அத்தையின் விரல் பட்ட இடத்தை சோப்பு போட்டுக் கழுவினேன். இரண்டு தரம்.

17, திங்கள்
மேகம். போட்டோ வேலை இல்லை.

சம்மதமாம். அந்த அத்தை போன் பண்ணினாள். கலர் கொஞ்சம் கம்மிதான், பரவாயில்லை, பையன் ஒத்துக்கொண்டான் என்று. பரவாயில்லையாம்! ஒத்துக்கொண்டானாம்! அண்ணி என் வாயில் போடச் சர்க்கரை எடுத்து வந்தாள். வாயைத் திறக்கவில்லை. தூ.

தரகரிடம் சொல்ல நைனா செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினார். வேண்டாம் என்றேன். நின்றார்.

"இன்னா வோணாம்? போட்டோ பாத்து நீயும்தானே தலையாட்டின?"

"போட்டோல புடிச்சிது நைனா. நேர்ல புடிக்கல."

அண்ணி கத்தினாள். நைனா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றினார்.