அக்காவின் மூச்சு கேட்காத கேசட்

ஞாயிறு, ஆகஸ்ட் 17

துபாயிலிருந்து அக்காவின் கேசட் வந்திருக்கிறது. அங்கே ஹோட்டல் வேலையோடு ஒரு ஜாஸ் குழுவிலும் பாடுகிறாள். ஒரு பக்கம் ஸ்டுடியோவில் பதிந்த பாட்டு. மறுபக்கம் எங்களுக்கான பேச்சு.

காலையில் பூசை முடிந்து வந்ததும் போட்டுக் கேட்டோம். மாதா கோயிலில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி உரக்கப் பாடுகிறவள், இதில் முணுமுணுக்கிறாள். ஆனாலும் டிரம்ஸை மீறி, காதருகே நின்று பாடுவதுபோல் இருக்கிறது. எனக்கு உறுத்தியது வேறு. எவ்வளவு நீண்ட வரியிலும் அவள் மூச்சு வாங்கும் சத்தமே இல்லை. அக்காவுக்கு மூச்சிளைப்பு உண்டு.

மறுபக்கத்தில் அவளே சொன்னாள்: "பாட்டுல கேக்குற எதிரொலியெல்லாம் மெஷின் போட்டதும்மா. மூச்சு சத்தத்தையும் வெட்டிட்டாங்க. இதையும் ஸ்டுடியோவுல உக்காந்துதான் பேசுறேன். நான் நல்லா இருக்கேன்."

"குரல் எவ்வளவு சுத்தமா இருக்கு! இளைப்பே போயிடுச்சு போலருக்குடி," என்றாள் அம்மா.

"வெட்டிட்டாங்கன்னு அவளே சொல்றாளேம்மா."

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? பேசாம போலீசுக்குப் படி."

முந்தைய கேசட்டுகளை அக்கா தன் அறையில்தான் பதிந்தாள். ஃபேன் சத்தம் கேட்கும், கூட இருப்பவர்களின் சிரிப்பு கேட்கும், நடுநடுவே இருமலும் கேட்கும். எத்தனை முறை இருமுகிறாள் என்று எண்ணி வைத்துக்கொள்வேன். இதில் எண்ண ஒன்றுமே இல்லை. பாட்டு சரி, பேச்சை எதற்கு அங்கே போய்ப் பதிந்தாள்?

அம்மாவுக்குத் தெரியாமல் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். பாட்டு ரொம்ப அழகு, அக்கா. அடுத்த முறை உன் அறையிலிருந்தே பேசு. இருமல் வந்தால் டேப்பை நிறுத்தாதே.