டிங்கி இல்லை, அக்கா

அக்கா,

இன்று காலை என் பாப்பாவின் பாலர் பள்ளிப் பையில் ஜிப் சிக்கிக்கொண்டது. வேன் வந்துவிட்ட பதற்றத்தில் பிடித்து இழுத்தேன், இன்னும் இறுகியது. உடனே கிள்ளானில் உன் தையல் கடை நினைவுக்கு வந்தது. சீருடைக் குவியலுக்கு நடுவிலிருந்து சொல்வாயே: "இழுக்காதடி. கொஞ்சம் பின்னால கொண்டு போ. துணியப் பிடிச்சுக்கோ. அப்புறம் தானா வரும்."

மூன்று வருடம் தாமதமாக இதை எழுதுகிறேன்.

உனக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு மதியம், உனக்கு மட்டும் ஏன் மார்பில் புற்று வந்தது என்று கேட்டாய். பயோடெக் படித்தவள் நான்தானே. செல் இரண்டாவதற்கு முன் தன் டிஎன்ஏ மரபிழையைப் பிரித்துப் படியெடுக்கும், வழியில் பழுது இருந்தால் வேலை நடுவில் நின்றுவிடும் என்றேன். நல்ல செல் அவசரப்படாது. பிரித்ததைச் சற்றுப் பின்னால் மடக்கிக்கொள்ளும். புதிதாக உருவான இழையை எதுவும் அரித்துவிடாதபடி சில புரதங்கள் பொத்திப் பிடிக்கும். பழுது நீங்கியதும் மறுபடி நகரும். அப்படிப் பொத்திப் பிடிக்கும் புரதம் ஒன்றில்தான் உனக்குப் பிறவிக் கோளாறு.

"இது என் ஜிப் கதைதான் லா. இதுக்கா நாலு வருஷம் படிச்ச?" என்று சிரித்தாய். பிறகு சிரிக்காமல், "அப்போ உனக்கும் இருக்கலாம். போய்ப் பாரு" என்றாய்.

நான் போகவில்லை. நீ எங்களை விட்டுப் போனதும் அம்மா எல்லோரிடமும் டிங்கிக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். புற்று என்றால் பேத்திக்கு மாப்பிள்ளை கிடைக்காதாம். பாப்பாவுக்கு அப்போது ஒரு வயது. பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் கேட்டவர்களிடம் நானும் தலையாட்டினேன். பக்கத்து வீட்டார் பயந்துபோய்ப் புகார் செய்ய, நம் சந்துக்குக் கொசுப்புகை அடிக்க ஆள் வந்தது. இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய்.

இன்று பத்து மணிக்கு மருத்துவமனையில் எனக்கு மரபணுப் பரிசோதனை. என்னைத் தடுக்க முடியாமல் அம்மாவும் கூடவே வந்தார். படிவத்தில் 'குடும்பத்தில் நோய்' என்ற இடத்தில் என் பேனா நின்றது. அம்மா கிசுகிசுத்தார்: "ஒண்ணுமில்லன்னு போடு. பின்னால நம்ம கோயில் ஆன்டி உட்கார்ந்திருக்கு."

புற்று என்றே எழுதிக் கொடுத்தேன். தாதி படித்துவிட்டு, யாருக்கு என்று கேட்டார்.

"எங்க அக்காவுக்கு. மார்புப் புற்று. அதுலதான் போயிட்டா."

கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். ஆன்டி திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். பயம் போகவில்லை. ஆனாலும் அந்தக் கோளாறு என்னிடம் இருந்தால் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, செய்ய வேண்டியதைச் செய்வேன். பாப்பா கேட்கும் வயதில் உன் நோயின் பெயரை அவளிடமும் சொல்வேன். அதைக் கேட்டு மாப்பிள்ளை வராவிட்டால் போகட்டும். அவள் உயிரோடு இருப்பாள்.