செல்வத்துக்குக் கிடைக்காத விமான இடம்

12-3-2006, ஞாயிறு

இந்தத் தல்மா தீவிலிருந்து அபுதாபிக்குப் போகும் சின்ன விமானத்துக்கு அரசாங்கமே பாதிக் காசு கொடுக்கிறது. அதனால் தீவுக்காரர்களுக்குத்தான் முதல் இடம். எங்களைப் போல வேலைக்கு வந்தவர்கள் முந்தின நாளே பேர் கொடுத்துவைக்க வேண்டும்.

நேற்று என்னோடு வேலை செய்யும் செல்வத்தின் அப்பா ஊரில் இறந்துவிட்டார். இவன்தான் மூத்தவன், கொள்ளி வைக்க வேண்டியவன். பேர் கொடுக்கக் கிளம்பியவனை நான்தான் நிறுத்தினேன்.

"எதுக்கு மாப்ள? அந்த ரன்வேயே நான் போட்டது. பைலட் என்னைப் பார்த்தா சலாம் வைப்பான்."

நான் அங்கே கட்டியது வேலி. நல்ல வேலிதான், யாரும் குறை சொல்ல முடியாது.

காலையில் கவுன்ட்டர்காரன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பேர் மாஃபி, சீட் மாஃபி," என்றான். பேரும் இல்லை, இடமும் இல்லையாம். செல்வம் பையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினான். படகில் போனால் ஊர் விமானத்தைப் பிடிக்க முடியாது.

சாயங்காலம் அவன் தம்பி போன் செய்தான்.

"அண்ணன் ஏறிருச்சா மாமா? அப்பாவை எடுத்துரவா, வெச்சிருக்கவா?"

"எடுத்துருங்கப்பா," என்றேன்.

"ஏன் மாமா, என்னாச்சு?"

எத்தனையோ கதை சொன்ன வாய். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.