இருபத்தெட்டு நாள் நாற்று

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டதிலிருந்து எனக்கு ஒன்பது மணிக்குத்தான் விடியும். இப்போது அம்மா கெடுக்கிறாள். பதினோரு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்து ஒரு வாரம். இன்னும் காலை ஆறு மணிக்குக் கதவுப் பக்கம் போய் விறைப்பாக நிற்கிறாள்.

"எதுக்கும்மா நிக்கிற?"

"எண்ணுவாங்கல்ல."

நான் பாயில் படுத்தபடி விரலை நீட்டி, "ஒண்ணு. கணக்கு சரி, போய்ப் படு" என்றேன். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் விக்கல். அப்புறம் சொன்னாள், "உன்னையும் எண்ணுனா ரெண்டு. இன்னும் ரெண்டு குறையுதேடி."

ஆகஸ்ட் 28

தரிசாகக் கிடந்த எங்கள் ஒரு மா நிலத்தின் (ஏக்கரில் மூணில் ஒரு பங்கு) மூலையில் அம்மா நாற்று விட்டாள்.

"யாரு நடுறது?"

"எம் புள்ளைங்க இருக்கே."

புள்ளைங்களாம்! அப்பாவை அம்மா அடித்ததை, அவர் விழுந்து செத்ததைக் கோர்ட்டில் சொன்னதே அண்ணன் இளம்பரிதிதான். பதினைந்து வயசு அப்போது. அன்றிலிருந்து அக்கா மலர்க்கொடி அவனோடு பேசுவதில்லை. அவன் ஜெயில் பக்கமே போனதில்லை. அவன் திருப்பூரில், இவள் கோடியக்கரையில். நடக்குற காரியமா இது?

செப்டம்பர் 22, ஞாயிறு

அம்மா என் போனைப் பிடுங்கி இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஒரே பொய்! "நடவுக்கு ஆளு கெடைக்கல. நாத்து முத்திப் போவுது. நீ மட்டும் வா, போதும்."

ஆளே தேடவில்லை, கிழவி!

அக்கா உடனே சரி என்றாள். அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "நாத்துக்கு எத்தனை நாளு?"

"இருவத்தஞ்சு."

வைத்துவிட்டான்.

எங்கள் ஊர்க்காரனால் அம்மாவை மறக்க முடியும். நாற்று முத்துவதைப் பொறுக்க முடியாது. அம்மாவுக்கு அது தெரியும்.

செப்டம்பர் 24

அண்ணனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கை நகம் தீர்ந்தது. இனிமே கால் நகந்தான்.

செப்டம்பர் 25, புதன்

வந்துட்டான்! வந்துட்டான், வந்துட்டான்!

பஸ்ஸை விட்டு இறங்கி, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நேராக வயலுக்கு. அங்கே காலையிலேயே வந்துவிட்ட அக்கா நட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ மட்டும்னியே!" இரண்டு பேரும் ஒரே குரலில் அம்மாவிடம் கத்தினார்கள்.

அம்மா ஒரு நாற்றுமுடியை அவன் கையில் வைத்தாள். அவன் நிமிரவே இல்லை. "நான் பாத்ததத்தாம்மா சொன்னேன்."

"பின்ன, பொய் சொல்லவா வளத்தேன்? குனிஞ்சு நடு."

"அப்ப போன்ல சொன்னது என்னவாம்?" என்றேன்.

"அது நாத்துக்காக."

ஒரு வரிசை நட்டு முடித்தோம். பிறகு அக்கா, "டேய் பனியன் கம்பெனி! என்னடா இவ்ளோ நெருக்கி நடுற?"

பதினோரு வருஷத்தில் முதல் பேச்சு! அவன் சேற்றை அள்ளி அவள்மேல் வீசினான். அவள் திருப்பி வீசியது என் வாயில். சேறு இவ்ளோ ருசியா?

செப்டம்பர் 26

காலை மணி ஏழு. கூடத்தில் வரிசையாகப் பாய். நடுவில் அம்மா, குறட்டை. கதவுப் பக்கம் யாரும் நிற்கவில்லை.