ஏமாந்தவள் வேஷம்

நவ. 4, திங்கள்
காலையிலிருந்து பிசுபிசுவென்று தூறல். துவைத்த சேலை காயவில்லை. ஈரத்தோடே கட்டிக்கொண்டு ஷூட்டிங்குக்கு, கோவை ராமநாதபுரம் பஸ்.

போன் மோசடி பற்றிய த்ரில்லர் தொடர். எனக்கு ஏமாறுகிற பொம்பளை வேஷம். தோட்டங்காட்டில் கூலி வேலை செய்பவள், கைநாட்டு. போனில் எவனோ போலீஸ் என்றதும் நடுங்கி எல்லாவற்றையும் உளறுகிறவள். பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டுமாம்.

இருபது வருஷமாக இதேதான். பாத்திரம் தேய்ப்பவள், எழவு வீட்டில் அழுகிறவள். என் நிறத்தைப் பார்த்ததும் கையில் துடைப்பம். போலீஸ் அதிகாரியாக நடிப்பது மும்பைப் பெண். கோயமுத்தூர்ப் பேச்சுக்கு வேறொருத்தி குரல். கதையில் ஏமாற்றுகிறவர்கள் அத்தனை பேரும் இந்திக்காரர்கள்.

டைரக்டர் ஈரோட்டுப் பையன், மரியாதையானவன். எல்லாத் தரப்பு ஆட்களும் இருக்க வேண்டும் என்று கம்பெனியில் கேட்கிறார்களாம். அந்த எல்லாத் தரப்பும் நான் ஒருத்திதான் போல.

வாங்க: தைலம், அக்காவுக்குப் பிரஷர் மாத்திரை, சின்ன வெங்காயம்.

நவ. 5, செவ்வாய்
ஷூட்டிங் இல்லை. முட்டி வலி. வசனம் படித்தேன். எரிச்சல்.

என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் ரோசலி அக்கா ஏமாந்தது இப்படியா? முப்பது வருஷம் நர்ஸ் வேலை. வார்டையே கண்ணசைவில் நடத்தியவள். போன வருஷம் போலீஸ் என்று ஒருவன் போனில் பிடித்து, பகல் முழுக்க ரூமுக்குள் உட்கார வைத்துவிட்டான். இந்திக்காரன் இல்லை. "ஏனுங்கம்மா, சாப்டீங்களா" என்று நம் பேச்சு. அதில்தான் விழுந்தாள்.

சந்தேகம் வந்த பிறகும் போனை வைக்க முடியவில்லையாம். இங்கே "வெச்சர்றனுங்க" என்று சொல்லி, எதிராளி "சரிங்க" என்ற பிறகுதான் போனை வைப்போம். இல்லாவிட்டால் முகத்தில் கதவைச் சாத்தின மாதிரி. இவள் "வெச்சர்றனுங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். பணம் கைக்கு வரும்வரை அவன் விடவில்லை.

எனக்கு மட்டும்தான் தெரியும். சர்ச்சில் யாரிடமும் மூச்சு விடவில்லை. புது நம்பர் வந்தால் இன்னும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள்.

நவ. 6, புதன்
டைரக்டரிடம் கேட்டேவிட்டேன். அக்கா பெயரைச் சொல்லவில்லை, தெரிந்தவர் என்றேன். என் வேஷத்தை ரிடையரான நர்ஸாக்குங்கள், ஏமாற்றுகிறவனை நம்மூர்ப் பேச்சு பேச வையுங்கள்.

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். டீ வந்தது, போனது. கடைசியில்: "நர்ஸ் சரிங்கக்கா. ஆனா நம்மாள கெட்டவனாக் காட்டுனா ஊர்ல பிரச்சன ஆயிருமுங்க."

அரைக்கிணறு தாண்டின கதை. போகட்டும்.

நவ. 7, வியாழன்
நல்ல வெயில். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கைக்கடிகாரம், கண்ணாடி. துடைப்பம் இல்லை. மேக்கப் பெண், டீச்சர் மாதிரி இருக்கிறேன் என்றாள். ரொம்ப சந்தோஷம், வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

"வெச்சர்றனுங்களா?" என்று நானாகச் சேர்த்துக் கேட்டேன். முதல் டேக்கில் லைட்மேன்கள் சிரித்தார்கள். இரண்டாவதில் யாரும் சிரிக்கவில்லை. ஓகே.

வந்ததும் அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"நர்ஸா? கைநாட்டுன்னா எவளோன்னு போயிருக்கும் கண்ணு. உங்கூட இருக்கற நர்ஸு நா ஒருத்திதான, இனிச் சர்ச்சுல எல்லாத்துக்கும் நாந்தான்னு தெரிஞ்சுபோயிரும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை.

நவ. 8, வெள்ளி
அக்கா தன் அறையிலேயே இருந்தாள். சாப்பாடு மட்டும் மூடி வைத்திருந்தாள்.

டைரக்டருக்குப் போன். பழையபடி மாற்ற முடியுமா? ஷூட்டிங் வீட்டையே காலி செய்துவிட்டார்களாம். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்கிறான். எனக்கு அழுகை.

அவளுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். துடைப்பம் பிடிக்காமல் ஒருதரம் நடிக்க ஆசைப்பட்டதும்தான். அலுப்பாக இருக்கிறது.

நவ. 10, ஞாயிறு
சர்ச் பூசைக்கு அக்காவும் வந்தாள். எப்போதும் முதல் வரிசை. இன்று கடைசி பெஞ்ச். திரும்பும்போது மழை. பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கினோம். அங்கேதான் வாயைத் திறந்தாள்.

"வெச்சர்றனுங்களான்னு கேட்டியா அதுல?"

கேட்டேன் என்றேன்.

"அவன் என்ன சொன்னான்?"

ஒன்றும் சொல்லவில்லை, வைத்துவிட்டான் என்றேன்.

"எங்கிட்ட, சரிங்கம்மா, சாப்புட்டுப்போட்டு நேரத்துலயே தூங்குங்கன்னான். நானும் சரிங்கன்னு சொன்னேன். அதுதான் கண்ணு இன்னும் பொறுக்க மாட்டேங்குது. அது அந்தத் தொடர்ல வருதா?"

வராது. அந்தப் பக்கம் இந்திக்காரன்.