இரண்டாவது பிரேக்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. அப்பா சௌக்கியம், உன் தங்கச்சியும் அவள் குழந்தையும் சௌக்கியம், நீயும் அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் சௌக்கியத்தை மட்டும் என்னிடம் கேட்காதே, நான் டிரைவிங் பாடம் எடுக்கிற காரில் உங்கள் கம்பெனி மாட்டி வைத்த பெட்டியிடம் கேள், பச்சை என்று சொல்லும். போனில் சொல்லாமல் எதற்கு இத்தனை பக்கம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் மீட்டிங் இருக்கும்மா என்று ஓடிவிடுகிறாய், காகிதத்திலிருந்து அப்படி ஓட முடியாது.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்து இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், சுவரில் எங்கெங்கே பெயிண்ட் உரிந்திருக்கிறது என்று காலையிலிருந்து கணக்கெடுத்து என் உயிரை வாங்குகிறார். நீ அனுப்பிய விளக்கோடு அவருக்கு நித்தம் சண்டை, நெட் போனால் விளக்கும் போய்விடுகிறது, ஒரு பல்பு போடுறதுக்கு கடல் தாண்டி இருக்கிறவன்கிட்ட பர்மிஷன் கேக்கணுமாடி என்று கத்திவிட்டுப் பழைய பல்பையே மாட்டிவிட்டார். ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தால் உனக்குச் செய்தி வருகிறது, உடனே அங்கேயிருந்து கதவை மூடும்மா என்று எழுதுகிறாய், அந்தக் கதவைத் திறந்தவள் சாப்பிட்டாளா என்று கேட்க உனக்குத் தோன்றியதில்லை. தங்கச்சி குழந்தை உன்னைப் போன் மாமா என்று கூப்பிடுகிறது, போனுக்குள்ளேயே குடியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. சரி, அதெல்லாம் இருக்கட்டும், நான் சொல்ல உட்கார்ந்தது வேறு.

போன தடவை நீ வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவைக் கார் என்றும் எவர்சில்வர் டம்ளர்களை முதலாளி, இன்சூரன்ஸ்காரர் என்றும் வைத்து, நடுவில் தண்ணீர் ஜக்கை வைத்து இதுதாம்மா தரகர் என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா. கார் யாரிடமும் நேராகப் பேசாது, ஒரு துண்டுச் சீட்டைத் தரகரிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும், யாருக்கெல்லாம் அந்தச் சேதி வேண்டுமோ அவர்கள் முன்னாலேயே தரகரிடம் சொல்லி வைத்திருப்பார்கள், அவர் பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிடுவார் என்றாய். மாடி வீட்டு அக்கா பார்க்கிற வேலையைத்தானே சொல்கிறாய் என்று நான் கேட்டதற்குச் சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறிவிட்டது. அந்தச் சீட்டு ரொம்பச் சின்னதாக, ரொம்ப லேசாக இருக்க வேண்டும், அப்போதுதான் சிக்னல் சரியாக இல்லாத இடத்திலும் போய்ச் சேரும், ஒரு எழுத்தைக் குறைத்தாலும் லட்சக்கணக்கான கார்களுக்குச் சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு மிச்சம் தெரியுமா என்றாய், அந்த எழுத்தைக் குறைக்கிற வேலைதான் என்னுடையது என்றாய். எனக்குப் பாதி புரியவில்லை, ஆனாலும் காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு இல்லையா, மறுநாளே எங்கள் டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் போய் என் பையன் செய்கிற பெட்டி சார், இன்சூரன்ஸும் குறையும், பெரிய பெரிய ஸ்கூலில் எல்லாம் வந்தாச்சு என்று நச்சரித்து எல்லாக் காரிலும் மாட்ட வைத்தவள் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் செய்துவிட்டு எல்லோரிடமும் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

ஆபீஸில் போன் மேசைக்கு மேலே ஒரு டிவி மாட்டினார்கள். அதில் எங்கள் பெயர் இல்லை, ஆளுக்கொரு எண், எண்ணுக்குப் பக்கத்தில் பச்சையோ மஞ்சளோ சிவப்போ. முதல் வாரமே நான் சிவப்பு. திடீர் பிரேக், திடீர் பிரேக், திடீர் பிரேக் என்று வரிசையாக வந்திருந்தது. ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிற புது ஆட்களையெல்லாம் என்னிடம்தான் விடுவார்கள் என்று உனக்குத் தெரியும், நான் அதட்டமாட்டேன் என்று பெண்கள் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது என் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை நான் ஓங்கி மிதித்தால்தான் எதிரே வருகிறவன் வீடு போய்ச் சேருவான், அதற்குத்தான் எனக்குச் சம்பளமே. ஓரளவு ஓட்டப் பழகியவர்களுக்குக் கடைசிப் பாடம் எடுக்கிற இன்னொரு வாத்தியார், அவருக்கு நாங்கள் வைத்த பெயர் குறட்டை, பக்கத்து சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே வருவார், அவர் எப்போதும் பச்சை. சிவப்பிலேயே இருந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், காரை விட்டு இறங்கி போன் மேசையில் உட்கார வேண்டியதுதான் என்று முதலாளி சங்கடத்தோடுதான் சொன்னார், நல்ல மனுஷர்.

அன்றைக்கு உனக்குப் போன் போட்டு, இரண்டு பிரேக்கில் எதை மிதித்தது என்று உன் பெட்டிக்குத் தெரியாதா என்று கேட்டேன். நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இன்னும் காதில் இருக்கிறது. முதல்ல அது இருந்துச்சும்மா, மெசேஜ் கனமாகுதுன்னு நான்தான் எடுத்தேன், ஒரு ஸ்கூலுக்காக மறுபடி சேர்க்க முடியாது, டேட்டா பொய் சொல்லாதும்மா, நீ கொஞ்சம் முன்னாடியே பார்த்து மெதுவா அமுக்கு என்றாய். எனக்குச் சுருக்கென்றது. உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எத்தனை தடவை நான் அதே போல மிதித்திருக்கிறேன், கம்பத்தில் மோத இருந்தாயே, அப்போது மெதுவாக அமுக்கியிருந்தால் நீ இன்றைக்கு எழுத்துக் குறைக்க இருந்திருப்பாயா. கேட்க நினைத்தேன், அதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆனாலும் நீ சொன்னபடி செய்தேன், அதுதான் நான் செய்த தப்பு. பிரேக் மேலே கால் போகும்போதெல்லாம் அந்த டிவி கண்ணுக்கு முன்னால் வர ஆரம்பித்தது. மஞ்சளுக்கு வந்தேன், பிறகு பச்சைக்கும் வந்தேன், முதலாளி எல்லோர் முன்னாலும் கை தட்டினார், வெட்கம் கெட்டவள் நானும் சிரித்தேன். போன மாதம் ஒரு நர்ஸ் பெண் வந்து சேர்ந்தாள், கெட்டிக்காரி. வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிக்கிற வேலை கிடைத்திருக்கிறது, கார் ஓட்டத் தெரிந்தால்தான் ஆர்டர் கையில் வரும். கிடங்குக்குப் பின்னால் இருக்கிற சந்திலிருந்து பெரிய சாலைக்குத் திருப்பச் சொன்னேன். திருப்பினாள், அந்த நேரம் பார்த்து ஒரு தையல்காரர் துணி மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு குறுக்கே இறங்கினார். அவரைப் பார்த்ததும் அவளுக்குப் பதறிப்போய்க் கால் மாறிவிட்டது, கார் சீறியது. நானும் அவரைப் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். என் கால் பிரேக் மேலே போயிற்று, போய் நின்றுவிட்டது. மெதுவா அமுக்கு என்று உன் குரல் கேட்டது. நான் மெதுவாக அமுக்கினேன்.

கார் அவரைத் தள்ளிக்கொண்டுதான் நின்றது. உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கை மணிக்கட்டு நொறுங்கிவிட்டது, தையல்காரருக்கு அது போனால் என்ன மிச்சம் என்று நீயே யோசித்துக்கொள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன், வார்டு வாசலிலேயே அவர் மனைவி உட்கார்ந்து, சாலையில் சிதறிய துணிகளை யார் யாருடையது என்று பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள், உரியவர்கள் வந்து கேட்பார்களாம். அவர் என்னைப் பார்த்துக் கோபப்படவே இல்லை, நீங்க என்னம்மா செய்வீங்க, ஓட்டினது அந்தப் பொண்ணுதானே என்றார். அந்தப் பெண்ணும் அதையேதான் சொல்லி அழுகிறாள், நான்தான் மேடம் கால மாத்தி வச்சிட்டேன், ஒரு மனுஷன் கைய உடைச்சிட்டேன் என்று. படிக்க வருகிறவள் கால் மாறத்தான் செய்வாள், அது தெரிந்துதானே எனக்கும் ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஆபீஸில் போய் நின்றேன், டிவியில் என் எண்ணுக்குப் பக்கத்தில் பச்சை. திடீர் பிரேக் எதுவும் இல்லையாம். பார்த்துக்கொண்டே நின்றேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், அடுத்து அதுதான் நடந்தது. வாத்தியார் மேல் குறையே இல்லை, பெட்டியே சொல்கிறது, அந்தப் பெண்தான் வாத்தியார் பேச்சைக் கேட்காமல் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டாள் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் விசாரணைக்கு எழுதிக் கொடுக்க முதலாளி முடிவு செய்தார். ஸ்கூல் பெயர் கெட்டால் எங்கள் எல்லோருக்கும் பிழைப்பு போகும், அவர் பயம் அவருக்கு. உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும் என்று கேட்டிருக்கிறார், அது சுற்றிச் சுற்றி உன் மேசைக்கே வந்து சேர்ந்ததாமே. நீ உடனே எனக்குப் போன் போட்டாய், மீட்டிங் எதுவும் குறுக்கே வரவில்லை. ரிப்போர்ட் உனக்கு சாதகமாத்தாம்மா இருக்கு, நீ வாயைத் திறக்காம இரு, நான் பார்த்துக்கிறேன் என்றாய். அந்தப் பெண் மேல் கேஸ் விழுந்தால் அவளுக்கு லைசென்ஸும் இல்லை வேலையும் இல்லையேடா என்றேன், அதுக்கு நாம என்னம்மா பண்ண முடியும் என்றாய். எனக்கு எதிராகப் பேசியபோது டேட்டா பொய் சொல்லாது என்றாய், இப்போது அது பொய் சொல்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்குச் சாதகமான பொய் என்பதால் பரவாயில்லை. இப்படி ஒரு பிள்ளையையா வளர்த்தேன் என்று எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன், அந்த வரியை அடிக்க மாட்டேன்.

திங்கட்கிழமை நானே விசாரணைக்குப் போனேன். அப்பா வாசல் வரை கூட வந்தார், உள்ளே வரவில்லை. அந்தப் பெண் கால் மாறியது உண்மை, அதைத் தடுக்க வேண்டியது என் பிரேக், என் முழு பலத்தோடு நான் மிதிக்கவில்லை என்று சொன்னேன். அதிகாரி வயசில் உன்னைவிடச் சின்னவர், மரியாதையாகத்தான் கேட்டார், ஏம்மா மிதிக்கல என்று. எனக்கு வாய் வரை வந்தது. பெட்டி, டிவி, பச்சை, உன் போன் எல்லாம் வந்தது. சொன்னால் உன்னைக் கூப்பிடுவார்கள், உன் வேலைக்கு என்ன ஆகுமோ, அந்நிய ஊரில் தனியாக நிற்பாயோ என்று ஒரு நொடியில் எல்லாம் ஓடிற்று. பராக்குப் பார்த்துட்டேன் சார் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் சாலையிலிருந்து கண்ணை எடுத்ததே இல்லையடா நான், பராக்குப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பாடம் எடுக்கிற உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள், திரும்பத் தருவார்களா என்று தெரியாது. அந்தப் பெண் மேல் கேஸ் இல்லை. முதலாளி என்னோடு பேசுவதில்லை. தையல்காரர் மனைவியும் நான் ஒத்துக்கொண்டதைக் கேள்விப்பட்டு, அடுத்த தடவை நான் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அதுதான் நியாயம்.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், நோய் நொடி எதுவும் உன்னை அண்டக் கூடாது, உனக்கு வருகிறவளும் உன் பிள்ளைகளும் நிறைந்து வாழ வேண்டும் என்றுதான் இவ்வளவு கசப்புக்கு நடுவிலும் வேண்டிக்கொள்கிறேன், என்ன செய்வது, பெற்றுத் தொலைத்தாயிற்று. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, ராத்திரி பட்டினியாகப் படுக்காதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் பெட்டி மாட்டிய மற்ற ஸ்கூல்களில் இந்த நேரத்தில் யாரோ ஒரு வாத்தியார் பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டு மிதிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார், அவருக்கு முன்னால் யாரோ ஒருவர் சாலையைக் கடந்துகொண்டிருப்பார். உன்னைக் காப்பாற்றுவதற்காக நான் ஒரு பொய் சொன்னேன், அம்மா செய்யக்கூடியது அவ்வளவுதான். உண்மையை உன் கம்பெனியில் நீ போய்ச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு எனக்குப் போன் செய், அது வரைக்கும் செய்யாதே.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்,
அம்மா