ஃபைனலுக்கு வராத மாமாவுக்கு

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் உரிய மாமா,

செத்துப்போனவர்களைத் திட்டக் கூடாது என்கிறாள் அம்மா. அதனால் இதைத் திட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், புகாராக எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை ஃபைனலை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்களா?

முதலில் ஊர்ச் செய்தி. காமயகவுண்டன்பட்டி பஸ் ஸ்டாப்பில் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். 'இமயம் சரிந்தது' என்று போட்டிருக்கிறது. ஐந்தடி இரண்டங்குல இமயம்! சிரித்துவிட்டேன். அம்மா தொடையில் கிள்ளியது இன்னும் கன்றியிருக்கிறது.

நடந்ததை ஒருமுறை நானே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் விட்டால் மாற்றிச் சொல்வீர்கள்.

நீங்கள் கம்பம் டவுன்பஸ் டிரைவர். நான் அதே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறவள். எஞ்சினுக்குப் பக்கத்து சீட். கறுப்பு வெள்ளைப் படத்தில் குதிக்கிற ஆட்களிலிருந்து இப்போது போனில் பார்க்கிற ஆட்கள் வரை, பதினாறு குத்துச்சண்டைக்காரர்களைப் பொறுக்கினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே இராதவர்களை மோதவிட்டு, யார் ஜெயிப்பார் என்று ட்ரிப் முழுக்க வாய்ச்சண்டை. ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஒரு ரவுண்டு. கண்டக்டர் முருகேசண்ணன் ஊதும் விசில்தான் மணி. அவர் தீர்ப்புதான் தீர்ப்பு. ஜெயித்தவர் பெயர் பழைய காலண்டர் அட்டையின் பின்னால் நாம் போட்ட கட்டத்தில் ஏறும்.

உங்கள் தலைக்கு மேலேயே 'ஓட்டுநரிடம் பேச வேண்டாம்' என்று எழுதியிருக்கும். “அது ஒன்னையத்தான ஆத்தா பேச வேணாம்ங்குது? என்னைய ஒண்ணும் சொல்லலையே” என்பீர்கள். அதன் கீழே 'பேசினால் அழுவார்' என்று நான் சீட்டு ஒட்டியதற்கு, இரண்டு நாள் என்னைக் கடைசி சீட்டுக்கு விரட்டினீர்கள்.

ஃபைனலுக்கு வந்தவர்கள் உங்கள் இரும்புத்தாடையும் என் தென்னைமரமும். வெள்ளைக்காரப் பெயர் வாயில் நுழையவில்லை என்று நீங்களே வைத்த பெயர்கள்.

“பதினஞ்சு ரவுண்டு நின்ன மனுசன் ஆத்தா அவரு. ஒன் ஆளு பன்னெண்டுலயே வாயப் பொளக்குறான்.”

“மாமா, என் ஆளு கை நீளத்துக்கு ஒங்க ஆளு கிட்டயே வர முடியாது. ஸ்டூல் போட்டு ஏறித்தான் குத்தணும்.”

“எதுக்கு ஏறணும்? குனிஞ்சு உள்ள போயி வயித்துல குடுப்பாரு. தென்னமரத்த அடியிலதான வெட்டுறாக?”

ஃபைனல் தொடங்குவதற்கு முன்பே இப்படி நாம் கத்திய கத்தலில், திராட்சைப் பெட்டியோடு வந்தவர் கம்பம் வரை டிக்கெட் எடுத்துவிட்டுப் பாதியிலேயே இறங்கிப்போனார். கடுப்பான முருகேசண்ணன் ஒரு விதி போட்டார்: ஃபைனலில் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். இரும்புத்தாடைக்காக நான் பேச வேண்டும், தென்னைமரத்துக்காக நீங்கள்.

இன்னொரு விதி ஏற்கெனவே இருந்தது. பஸ்ஸுக்கு வராதவர் எந்த ஆளுக்காகப் பேச வேண்டுமோ, அந்த ஆள் தோற்றார். உங்கள் விதி! நான் தூங்கிப்போன அன்று மூன்று ஹாரன் அடித்துவிட்டு, வண்டியையும் எடுத்துக்கொண்டு, கட்டத்தில் உங்கள் ஆள் பெயரையும் ஏற்றிய மகராசன் நீங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நேற்றுத்தான் பஸ் ஏறினேன். வேறு டிரைவர். முருகேசண்ணன் பையிலிருந்து அட்டையை எடுத்தார்.

“ஆத்தா, மாமா வரல. வராட்டி தோல்வி. அவுக ஒன் ஆளுக்குத்தான பேசணும்? அப்ப ஒன் ஆளு அவுட்டு. இரும்புத்தாடைதான் ஜெயிச்சாரு.” சொல்லிவிட்டு, கண்ணில் தூசி விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டார்.

புரிகிறதா மாமா? வராமலே ஜெயித்துவிட்டீர்கள்! உங்கள் டீயில் உப்புப் போட்டவள் நான், செருப்பை பஸ் கூரையில் வைத்தவள் நான். எனக்குக்கூட இப்படி ஒரு திருட்டுத்தனம் தோன்றியதில்லையே.

“எந் தம்பிக்கு விட்டுக்குடுத்தா நீ என்னடி கொறஞ்சா போயிருவ?” என்கிறாள் அம்மா. அவளுக்கு என்ன தெரியும்? உங்கள் பிறந்தநாளன்று ஒரு மேட்சை விட்டுக்கொடுத்தேன். கண்டுபிடித்துவிட்டீர்கள். “எனக்கே பிச்ச போடுறியா?” என்று கேட்டுவிட்டு இரண்டு ட்ரிப் பேசவில்லை. இப்போது மட்டும் எந்த முகத்தோடு உங்கள் ஆள் பெயரை எழுதுவேன்?

எழுதவில்லை. “விசில் ஊதுங்கண்ணே, நான் பேசுறேன்” என்றேன். ஊதினார். உங்கள் ஆளுக்காகப் பேசினேன். பதினைந்து ரவுண்டு, மாதத்துக்கொரு சண்டை போட்ட உடம்பு, குனிந்து உள்ளே போய் வயிற்றில் விடும் குத்து, எல்லாம் சொன்னேன். புது டிரைவர் கண்ணாடியில் ஒருமாதிரியாகப் பார்த்தார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பதிலுக்காகக் காத்தேன். வரவில்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாததால் நான் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. இதைவிட எரிச்சல் உலகத்தில் உண்டா மாமா?

கம்பம் வந்ததும் முருகேசண்ணன் பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை.

கடைசிக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். அதில் யார் கையையும் பட விடமாட்டேன், இது சத்தியம். ஃபைனலுக்கு நான் வருவேன். அவசரமில்லை, பல்லெல்லாம் கொட்டி, கிழவியாகி, மெதுவாகத்தான் வருவேன். அதுவரை தென்னைமரத்துக்காக என்ன பேசுவதென்று யோசித்து வையுங்கள். நேரமாகிவிட்டதென்று அங்கேயும் மூன்று ஹாரன் அடித்துவிட்டு வண்டியை எடுத்தீர்களோ, அப்புறம் இருக்கிறது உங்களுக்கு.

இன்னும் தோற்காத,
உங்கள் அக்கா மகள்
கயல்